வேர்முடிச்சு இருந்தும் பயிர் மஞ்சள்: நைட்ரஜன் சுழற்சி எந்தக் கண்ணியில் அறுகிறது?

#1 அவரைக்கொடி

பள்ளிப் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி ஓர் அழகான வட்டம். காற்றிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து மட்குக்கு, மட்கிலிருந்து நைட்ரேட்டுக்கு, பிறகு மறுபடி காற்றுக்கு. வயலில் அந்த வட்டம் இவ்வளவு ஒழுங்காக ஓடுவதில்லை. கீழே உள்ள நான்கையும் பாக்டீரியா மட்டத்திலிருந்து யாராவது விளக்கினால் நல்லது.

அ) சோயா, தட்டைப்பயறு போன்றவற்றில் வேர் நிறைய முடிச்சு இருக்கும், ஆனாலும் 35 நாளில் அடியிலை மஞ்சளாகும். முடிச்சு வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

ஆ) வைக்கோலை மடக்கி உழுத நிலத்தில் அடுத்த பயிர் வெளுக்கிறது. வைக்கோலிலும் தழைச்சத்து (நைட்ரஜன்) உண்டே, அது எங்கே போனது?

இ) யூரியாவை மேலே தூவி, தண்ணீர் கட்டி, வடித்து, மறுபடி கட்டினால் பாதிகூடப் பயிருக்குச் சேராது என்கிறார்கள். மீதி எந்த வழியாகப் போகிறது?

ஈ) அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர் என்ற பாக்டீரியாத் திரவங்கள் யூரியாவுக்கு மாற்று என்று விற்கப்படுகின்றன. கணக்கு ஒத்துவருமா?

"செடி காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும்" என்ற ஒற்றைவரிப் பதில் மட்டும் வேண்டாம்.

#2 நுண்ணுயிரி நேசன்

(அ)வை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முடிச்சை எண்ணுவதால் பெரிய பயன் இல்லை, வெட்டிப் பார்க்கவேண்டும். பூ விடும் தருணமே அதற்கு ஏற்ற நேரம். செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நல்ல முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி 20 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுக் கரையுங்கள். நிலத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து 10 செடி போதும். செடிக்கு ஐந்தாறு முடிச்சைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள்.

உள்ளே இளஞ்சிவப்போ சிவப்போ இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதன் தூரத்து உறவு. வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை, அல்லது உள்ளே இருப்பது சும்மா தின்னும் இனம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. பட்டாணி, குதிரைமசால் போன்றவற்றின் நீளமான முடிச்சில் நுனி சிவப்பாகவும் அடி பச்சையாகவும் இருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பதறவேண்டாம்.

நிறத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? காற்றின் 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஆனால் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகியவை. அதைத் திறக்கும் நொதி நைட்ரோஜினேஸ். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க அது குறைந்தது 16 ஏடிபியும் (செல்லின் ஆற்றல் நாணயம்) 8 எலக்ட்ரானும் கேட்கும், போகிற போக்கில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறையும் வெளிவிடும். ஆக்சிஜன் பட்டால் இந்த நொதி மீளமுடியாமல் கெட்டுப்போகும். அவ்வளவு ஏடிபி தயாரிக்கவோ பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் தேவை. இந்த முரணைத் தீர்ப்பதுதான் லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, கட்டற்ற ஆக்சிஜனின் அளவு ஏறாமல் பார்த்துக்கொண்டே பாக்டீரியாவுக்குத் தொடர்ந்து கொண்டுசேர்க்கிறது. ஆகவே சிவப்பு இல்லாத முடிச்சில் நைட்ரஜன் வேலையும் இல்லை.

ஆணிவேரின் மேற்பகுதியில் பெரிய சிவப்பு முடிச்சு சில இருந்தாலே நல்ல செடி. பக்கவேரெங்கும் கடுகளவு வெள்ளை முடிச்சு சிதறிக் கிடந்தால், மண்ணிலேயே இருந்த திறனற்ற இனம் முந்திக்கொண்டது என்று பொருள். இனம் சரியாக இருந்தும் வெள்ளையாக இருந்தால் மாலிப்டினத்தைச் சந்தேகியுங்கள். நைட்ரோஜினேஸின் நடு மையத்தில் இரும்போடு இருப்பது அது. அமில மண்ணில் இரும்பு, துத்தநாகம் எளிதில் கிடைக்கும், மாலிப்டினமோ அங்கேதான் கிடைக்காமல் போகும். கார அமில எண் (pH) 5.5க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுவதே முதல் மருந்து.

#3 வரப்பு

நேசன் சார் சொன்னதோடு விதைநேர்த்தியையும், அதாவது முடிச்சுப் பாக்டீரியாவான ரைசோபியத்தின் பொடியை விதையில் ஒட்டுவதையும், சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தோல்வி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இனப்பொருத்தம். சோயாவுக்கு பிராடிரைசோபியம் ஜப்பானிகம், பட்டாணிக்கும் மசூருக்கும் ரைசோபியம் லெகுமினோசாரம், கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், குதிரைமசாலுக்கு சைனோரைசோபியம் மெலிலோட்டி. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்கு இட்டால் முடிச்சே வராது, வந்தாலும் வெள்ளையாக நிற்கும். தட்டைப்பயறும் நிலக்கடலையும் அவ்வளவு கறார் இல்லை, பல பிராடிரைசோபிய இனங்களை ஏற்கும். சோயா முதல்முறை விதைக்கும் நிலத்தில் நேர்த்தி செய்தே ஆகவேண்டும்.

அளவு: 10 கிலோ விதைக்கு 200 கிராம் பொடி. 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலை விதை நனையும் அளவுக்கு மட்டும் தெளித்து, பொடியைத் தூவி, விதைத்தோல் உரியாமல் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தவேண்டும். அன்றே விதைப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. கிராமுக்கு 10 கோடி உயிர்ச்செல் உள்ள பொடியானால் 200 கிராமில் 2000 கோடி. 10 கிலோ சோயாவில் ஏறத்தாழ 66,000 விதை, ஆக விதைக்கு மூன்று லட்சம் செல். கணக்கில் தாராளம். ஆனால் உலர்தல், வெயில், பூஞ்சைக்கொல்லி மூன்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் ஆயிரத்துக்கு வந்து நிற்கும்.

கெடுப்பவை: தாமிரம் கலந்த மருந்து, கேப்டான், வெயிலில் நின்ற வண்டியில் கிடந்த பொட்டலம், காலாவதி. பூஞ்சைக்கொல்லி கட்டாயம் என்றால் அதை முன்பே இட்டு உலர்த்திவிடுங்கள், விதைக்கும் நேரத்தில் ரைசோபியத்தைக் கடைசியாகச் சேருங்கள். சோடியம் மாலிப்டேட்டையும் ரைசோபியத்தோடு ஒரே கரைசலில் கலக்கவேண்டாம். அமில மண் என்றால் ஒட்டிய பிறகு மேலே நுண்ணிய கால்சியம் கார்பனேட் பூச்சு கொடுக்கலாம். சுட்ட சுண்ணாம்பு கூடாது, அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

#4 அவரைக்கொடி

//சோயா முதல்முறை விதைக்கும் நிலத்தில்// சரி. ஆனால் நேர்த்தி ஒழுங்காகச் செய்தும், அடியுரமாகத் தழைச்சத்து தாராளமாக இட்ட நிலத்தில் முடிச்சு குறைவாக இருக்கிறதே? உரம் பாக்டீரியாவைக் கொல்கிறதா?

#5 நுண்ணுயிரி நேசன்

கொல்வதில்லை, செடிதான் கதவைச் சாத்துகிறது. ஒரு கிராம் நைட்ரஜனை நிலைநிறுத்த செடி தோராயமாக 5 முதல் 10 கிராம் கார்பனை வேருக்கு அனுப்பவேண்டும். கரைந்த நைட்ரேட் பக்கத்திலேயே கிடைத்தால் அதை எடுப்பது மலிவு. எத்தனை முடிச்சு வேண்டும் என்று முடிவெடுப்பது செடியின் உள்சமிக்ஞை, இலையிலிருந்து வேருக்கு வருவது. அடியுரம் எக்டேருக்கு 20 கிலோ நைட்ரஜன் அளவில் நின்றால் தொல்லை இல்லை.

உங்கள் 35 நாள் மஞ்சளுக்கும் இதில் பாதி விடை உண்டு. முடிச்சு கண்ணுக்குத் தெரிய 2 முதல் 3 வாரம், முழுவீச்சில் வேலைசெய்ய 4 வாரத்துக்கு மேல். விதையிலிருந்த இருப்பு தீர்ந்து, முடிச்சு இன்னும் சூடுபிடிக்காத இடைவெளியில் லேசான வெளிறல் வரும், போகும். அதற்காக யூரியா தெளித்தால் அந்த இடைவெளி நீளும்.

#6 மண்கணக்கு

(ஆ) வைக்கோல். இது கூட்டல் கழித்தல்தான்.

100 கிலோ உலர் வைக்கோலில் கார்பன் 40 கிலோ, நைட்ரஜன் அரை கிலோ என்று வையுங்கள், விகிதம் 80:1. சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கார்பனில் மூன்றில் இரண்டைச் சுவாசித்து கரியமில வாயுவாக விடும். மூன்றில் ஒன்று, அதாவது 13.3 கிலோ, அவற்றின் உடலாகும். அவற்றின் உடலில் கார்பன் நைட்ரஜன் விகிதம் சுமார் 8:1. ஆக 13.3 கிலோ கார்பனுக்கு 1.67 கிலோ நைட்ரஜன் வேண்டும். வைக்கோலில் இருப்பது 0.5. பற்றாக்குறையான 1.17 கிலோவை மண்ணில் கரைந்திருக்கும் அம்மோனியத்திலிருந்தும் நைட்ரேட்டிலிருந்தும் அவை உறிஞ்சிக்கொள்ளும். வேரைவிட அவை வேகம், எண்ணிக்கையும் அதிகம். பயிர் வெளுப்பது இதனால்தான்.

இது இழப்பு ஆகாது. உணவு தீர்ந்ததும் அந்தப் பாக்டீரியாக்கள் செத்து, அவற்றைத் தின்னும் ஒற்றைச்செல் உயிரிகளும் நூற்புழுக்களும் மிச்ச நைட்ரஜனை அம்மோனியமாக வெளிவிடும். சூடான ஈர மண்ணில் 4 முதல் 8 வாரத்தில் திரும்பும், குளிரில் இன்னும் தாமதம். விகிதம் 20:1க்குக் கீழ் என்றால் முதல் நாளிலிருந்தே வெளியீடு, பூக்குமுன் மடக்கிய பசுந்தாள் இந்த வகை. 30:1க்கு மேல் என்றால் பூட்டு. மரத்தூள் 400:1க்கு மேல் போகும், அதை மண்ணோடு கலப்பது பெரிய தவறு, மேலே மூடாக்காகப் போட்டால் தொல்லை இல்லை. மண்ணைத் தொடும் ஒரு மெல்லிய அடுக்கில்தான் பூட்டு நடக்கும்.

#7 அவரைக்கொடி

அப்படியானால் 100 கிலோ வைக்கோலுக்கு 1.17 கிலோ நைட்ரஜன், யூரியாவாக 2.5 கிலோ, மேலே தூவினால் தீர்ந்ததா?

#8 வரப்பு

மேலே தூவினால் தீராது, ஆவியாகும். யூரியாவைப் பிளக்கும் யூரியேஸ் நொதி வெறும் மண்ணைவிட வைக்கோல் மேற்பரப்பில் அதிகம். பிளந்து வரும் அம்மோனியாவைப் பிடித்துவைக்கக் களிமண் துகளும் அங்கே இல்லை. கரைத்துத் தெளித்த கையோடு மடக்கி உழுங்கள். அல்லது விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே உழுதுவிட்டுக் காத்திருங்கள், செலவில்லாத வழி அதுதான்.

#9 மண்கணக்கு

யூரியா என்று பேச்சு வந்துவிட்டதால் (இ)யின் முதல் கசிவை இங்கேயே முடித்துவிடுகிறேன்.

யூரியாவாக இருக்கும்வரை அது மின்னூட்டமற்ற மூலக்கூறு, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். ஈர மண்ணில் சில நாட்களில், வெப்பத்தில் இன்னும் விரைவாக, யூரியேஸ் அதை அம்மோனியமாகவும் கார்பனேட்டாகவும் மாற்றிவிடும். அப்போது குருணையைச் சுற்றிக் கார அமில எண் 9 வரை ஏறலாம், உங்கள் மண் 6.5 ஆகவே இருந்தாலும். 25 டிகிரியில் அம்மோனியமும் அம்மோனியாவும் சரிபாதியாகும் புள்ளி 9.25. 8.25இல் சுமார் 9 சதவீதம் வாயு, 7.25இல் 1 சதவீதம். ஆகவே ஆபத்து குருணையைச் சுற்றிய சில மில்லிமீட்டரில்தான், அது மேற்பரப்பில் இருந்தால் வாயு நேரே காற்றுக்குப் போகும்.

மோசமான கூட்டு: ஈரமான மேல்மண், தூவிய பின் மழையும் பாசனமும் இல்லை, வெயில், காற்று. குருணை கரையும் அளவுக்கு ஈரம் இருக்கிறது, கீழே இறக்கும் அளவுக்கு இல்லை. இதைத் தடுக்க 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள், இல்லையேல் தூவியவுடன் 10 முதல் 15 மி.மீ. பாசனம் கொடுங்கள். என்பிபிடி போன்ற யூரியேஸ் தடுப்பான் பூசிய யூரியா மழைக்காகக் காத்திருக்கச் சில நாள் அவகாசம் வாங்கித்தரும், அவ்வளவே.

#10 கழிவுநீர்ப்பொறி

அடுத்த கண்ணி நைட்ரேட்டாக்கம், அதாவது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவது. இதையே கழிவுநீர் ஆலையில் ஓட்டுவதுதான் எங்கள் துறை என்பதால் எண்களோடு சொல்கிறேன்.

இது உயிர்வேலை என்று 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடைநீரைச் சொட்டவிட்டார்கள். சில வாரம் ஒன்றும் இல்லை, பிறகு அம்மோனியா மறைந்து நைட்ரேட் வந்தது. குளோரோபார்ம் ஆவி காட்டியதும் நின்றது, மண் கலக்கிய நீரைச் சிறிது ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. அந்தச் 'சில வாரம்' இன்றைக்கும் எங்களுக்குத் தலைவலி, காரணம் கீழே. 1890இல் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவை கரிமப்பொருள் எதுவும் இல்லாமல் அம்மோனியாவை எரித்தே வாழ்கின்றன என்று நிறுவினார்.

முதல் படி அம்மோனியாவிலிருந்து நைட்ரைட், நைட்ரோசோமோனாஸ் வகை. இரண்டாம் படி நைட்ரைட்டிலிருந்து நைட்ரேட். பாடப்புத்தகம் நைட்ரோபாக்டர் என்று சொல்லும், ஆலையிலும் மீன்தொட்டியிலும் பெரும்பாலும் அங்கே இருப்பது நைட்ரோஸ்பைரா. முதல் படியைச் செய்வதில் ஆர்க்கியாவும் (பாக்டீரியா அல்லாத தனி நுண்ணுயிர்க் குலம்) உண்டு, 2005இல் முதல் இனம் தனிமைப்படுத்தப்பட்டது. சத்து குறைந்த மண்ணிலும் அமில மண்ணிலும் அவைதான் முன்னணி. 2015இல் இரண்டு படியையும் ஒரே செல்லில் முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்களை இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ஒன்று ஆழ்துளைக் குழாயில் படிந்த சவ்விலிருந்து, மற்றொன்று மீன்வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்து. நூற்றாண்டுக்கும் மேலாக 'இரண்டு ஆள் வேலை' என்று எழுதிவந்ததைத் திருத்தவேண்டியதாயிற்று.

இனி எண்கள். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 7.14 கிராம் காரத்தன்மையும் செலவாகும். இவ்வளவு செலவழித்தும் கிடைக்கும் ஆற்றல் சொற்பம், அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். குடலில் வாழும் எஷரிச்சியா கோலை நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும், இவை மிகச் சிறந்த நிலையிலும் பல மணி நேரம், வழக்கமாக ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். 25 முதல் 35 டிகிரி உகந்தது, 5 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய உறக்கம். ஆலையில் ஒருமுறை கழுவிப்போய்விட்டால் மீள வாரக்கணக்கு ஆவது இதனால்தான்.

#11 மண்கணக்கு

அந்த 7.14ஐ நிலத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மோனியம் சல்பேட் முழுதும் நைட்ரேட்டாகி வடிந்தால் கிலோ நைட்ரஜனுக்கு 7.14 கிலோ சுண்ணக்கல் தேவை. யூரியா பிளக்கும்போது கொஞ்சம் காரம் கொடுப்பதால் அதற்குப் பாதி, 3.57 கிலோ. பயிர் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டால் வேர் வழியே காரம் திரும்பி வரும், அப்போது அமிலமாதல் இன்னும் குறையும். ஆகவே மண் புளிப்பதற்கு உரத்தைவிட வடிகிற நைட்ரேட்டே பெரிய காரணம்.

#12 கழிவுநீர்ப்பொறி

மேலே சொன்ன நைட்ரேட் வடிதல்தான் (இ)யின் இரண்டாம் கசிவு. அடுத்து மூன்றாம் கசிவு, டீநைட்ரிஃபிகேஷன். சூடோமோனாஸ், பாராகாக்கஸ் போன்றவை ஆக்சிஜன் இருந்தால் நம்மைப்போலவே சுவாசிக்கும். இல்லாதபோது நைட்ரேட்டைச் சுவாசிக்கும். வரிசை: நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் நைட்ரஜன் வாயு. மூன்றும் ஒரே இடத்தில் கூடவேண்டும்: நைட்ரேட், எளிதில் சிதையும் கார்பன், ஆக்சிஜன் இன்மை. மண் துளைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நீர் நிறைந்தால் மூன்றாவது நிபந்தனை நிறைவேறத் தொடங்கும்.

கட்டி வடித்துக் கட்டும் நீர்ப்பாய்ச்சல் இதற்கென்றே செய்ததுபோல. வடித்த நாட்களில் காற்று புகுந்து அம்மோனியம் நைட்ரேட்டாகும். மறுபடி கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகப் பறக்கும். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

நீர் எப்போதும் நிற்கும் நெல்வயலிலும் இது உண்டு, குறுக்குவெட்டில். மேலே சில மில்லிமீட்டர் மண்ணில் ஆக்சிஜன் இருக்கும், அங்கே நைட்ரேட்டாக்கம். அது கீழே இறங்கியதும் ஆக்சிஜனற்ற அடுக்கில் டீநைட்ரிஃபிகேஷன். அதனால்தான் அம்மோனிய உரத்தைக் கீழடுக்கில் புதைக்கச் சொல்கிறார்கள், நெல்லுக்கு நைட்ரேட் உரத்தை அடியுரமாக இடுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

வரிசை கடைசிவரை ஓடினால் காற்றுக்குக் கேடில்லை. நடுவில் நைட்ரஸ் ஆக்சைடில் நின்றுவிட்டால்தான் சிக்கல், 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு சூடேற்றும். கடைசிப் படியின் நொதி தாமிரத்தைக் கொண்டது, அமில மண்ணில் சரியாக உருவாகாது. ஈரம் அரைகுறையாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடும். அமில நிலத்தைச் சுண்ணாம்பால் திருத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

வடிகால் நீரில் நைட்ரேட் ஓடைக்குப் போவதைத் தடுக்க இதே பாக்டீரியாவை வேலைக்கு வைக்கலாம். வடிகால் குழாயின் முடிவில் மரச்சில்லு நிரப்பிய பள்ளம் தோண்டி, நீரைச் சில மணி நேரம் அதில் தங்கவிட்டால் போதும். ஆழ்மண்ணில் நைட்ரேட் அழியாமல் நிலத்தடி நீர்வரை போய்ச்சேர்வதற்குக் காரணம் அங்கே கார்பன் இல்லாமை. மரச்சில்லு அந்தக் குறையை நிரப்புகிறது.

#13 தொட்டிமீன்

மண்காரர்கள் நடுவே ஒரு தண்ணீர்க் கேள்வி. மீன்தொட்டியை, பாக்டீரியா வளர்வதற்காக, 5 வாரம் அம்மோனியா இட்டுப் பழக்கிய பிறகும், திடீரென்று ஒருநாள் அம்மோனியா ஏறுகிறது, கார அமில எண் 6க்குக் கீழே விழுகிறது. வடிகட்டி புதிது, மீன் அதிகமில்லை. பாக்டீரியா செத்துவிட்டதா?

#14 கழிவுநீர்ப்பொறி

தொட்டிமீன், மேலே சொன்ன 7.14ஐப் போட்டுப் பாருங்கள். கார்பனேட் கடினம் 1 டிகிரி என்பது லிட்டருக்கு 17.9 மி.கி. கால்சியம் கார்பனேட். ஆக லிட்டருக்கு 2.5 மி.கி. நைட்ரஜன் நைட்ரேட்டானால் 1 டிகிரி காலி. 4 டிகிரி உள்ள தொட்டியில் தினம் 1 மி.கி. நைட்ரஜன் உருவானால் 10 நாளில் சுத்தமாகத் தீரும். அதன்பின் எண் சரியும், நைட்ரேட்டாக்கம் நிற்கும், அம்மோனியா ஏறும். பாக்டீரியா அங்கேயே பசியோடு இருக்கிறது. எண் 6இல் அம்மோனியா பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாக இருப்பதால் மீன் தாங்கும். இந்த நிலையில் சோடா உப்பை ஒரே தடவையில் கொட்டி எண்ணை 8க்கு ஏற்றினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ நூறு மடங்கு கூடும், மீன் சாகலாம். முதலில் நீரில் கால்பங்கு மாற்றுங்கள், எண் ஒத்த நீராகப் பார்த்து. பிறகு கடினத்தை நாளுக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள்.

பழக்கும்போது லிட்டருக்கு 2 மி.கி. அம்மோனியா போதும். 5ஐத் தாண்டினால் இரண்டாம் படிப் பாக்டீரியா தடைபட்டு நைட்ரைட் வாரக்கணக்கில் உச்சியிலேயே நிற்கும். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசாதீர்கள், தொட்டிநீரிலேயே அலசுங்கள். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டி வாழ்பவை, தண்ணீரில் மிதப்பவை கொஞ்சம்தான்.

#15 அவரைக்கொடி

(ஈ)யை யாரும் தொடவில்லை.

#16 மண்கணக்கு

தொட்டால் சண்டை வரும் என்று தள்ளிப்போட்டேன். சரி.

அசட்டோபாக்டர் ஆய்வகத்திலேயே ஒரு கிராம் சர்க்கரைக்கு 10 முதல் 20 மி.கி. நைட்ரஜன்தான் நிலைநிறுத்தும். எக்டேருக்கு 50 கிலோ வேண்டுமானால் 2.5 முதல் 5 டன் சர்க்கரை மண்ணில் இருக்கவேண்டும். வேர்க்கசிவு அவ்வளவு தராது, தந்தாலும் அதைத் தின்ன ஆயிரம் இனங்கள் வரிசையில் நிற்கின்றன.

பாட்டிலையும் எடைபோடுங்கள். மில்லிக்கு 100 கோடி செல் உள்ள ஒரு லிட்டரில் பாக்டீரியாவின் ஈர எடை சுமார் ஒரு கிராம். எக்டேரின் மேல் 15 செ.மீ. மண் 2000 டன். கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா என்று குறைத்து வைத்தாலும், நீங்கள் விடும் ஒரு செல்லுக்கு எதிரே ஏற்கெனவே குடியிருப்பவை இரண்டு லட்சம்.

#17 வரப்பு

மண்கணக்கு, கணக்கில் குறை இல்லை. ஆனால் அசோஸ்பைரில்லம் வேர்நேர்த்தி செய்த நாற்றில் வேர்த்தூவி கூடுவதும் வேர் பரவுவதும் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். பயன் இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளுவது நியாயமில்லை.

#18 நுண்ணுயிரி நேசன்

இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். அசோஸ்பைரில்லம் ஆக்சின் வகைத் தாவர ஹார்மோனைச் சுரக்கிறது. பலனின் பெரும்பகுதி அதனால்தான், வேர் அதிகமானால் இட்ட உரத்தை அதிகம் பிடிக்கும். ஆகவே அது உரத்துக்குத் துணை, உரத்தைக் கைவிட்டால் பிடிப்பதற்கு மண்ணில் ஒன்றும் இருக்காது. 'யூரியாவுக்கு மாற்று' என்ற வாசகம் மட்டும் தவறு.

காற்று நைட்ரஜனைக் கிலோக்கணக்கில் கொண்டுவருபவை எல்லாம் ஆற்றலுக்கு நேரடி வழி உள்ளவை. ரைசோபியத்துக்குச் செடியே உணவளிக்கிறது. நீலப்பச்சைப்பாசி தானே ஒளிச்சேர்க்கை செய்கிறது. அனபீனா இழையில் அங்கங்கே தடித்த சுவர் கொண்ட ஹெட்டிரோசிஸ்ட் செல் இருக்கும், அதில் ஆக்சிஜன் வெளிவிடும் ஒளியமைப்பு கழற்றப்பட்டிருக்கும், நைட்ரோஜினேஸ் அங்கே பாதுகாப்பாக இயங்கும். அசோலா என்ற நீர்ப்பெரணியின் இலைக்குழிக்குள் இருப்பதும் இதற்கு நெருங்கிய இனமே.

பயறு விதைத்தாலே மண் வளமாகிவிடும் என்பதையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். 2.5 டன் சோயா மணியில் 150 கிலோ நைட்ரஜன் நிலத்தை விட்டு வெளியேறுகிறது. நிலைநிறுத்தியது அதைவிடக் குறைவானால் மண்ணுக்கு நட்டம். மண்ணுக்கு லாபம் வேண்டுமென்றால் பூக்கும்போதே மடக்கி உழுங்கள்.

#19 வரப்பு

ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் உயிர்களும் வரவேண்டும் என்றால் அசைபோடும் மாட்டின் வயிற்றையும் சேர்க்கலாம். அங்கே ரூமன் என்ற முதல் இரைப்பையில் உள்ள பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக்கி, அதிலிருந்து தன் புரதத்தைக் கட்டும், மாடு பிறகு அந்தப் பாக்டீரியாவைச் செரிக்கும். மாட்டின் ரத்த யூரியாவில் ஒரு பகுதி எச்சில் வழியே மறுபடி ரூமனுக்கு வரும்.

வைக்கோலை யூரியா கொண்டு பதப்படுத்துவதும் பாக்டீரியாவின் யூரியேஸ் வேலைதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் நீர், காற்றுப்புகாமல் மூடி 3 வாரம். திறந்தபின் ஒருநாள் காற்றாட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். யூரியாவை நேரே தீவனத்தில் கலந்தால் அடர்தீவனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாவுச்சத்து போதாமல் யூரியா மட்டும் அதிகமானால் பாக்டீரியா பிடிக்காத அம்மோனியா ரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் மாட்டைக் கொல்லும். ரூமன் வளராத கன்றுக்குக் கூடவே கூடாது.

#20 அவரைக்கொடி

நன்றி. கடைசியாக ஒன்று. இப்போது மண்ணில் எவ்வளவு நைட்ரேட் இருக்கிறது என்பதை ஆய்வகம் போகாமல் அளக்க முடியுமா?

#21 மண்கணக்கு

நைட்ரேட் சோதனைத் தாள் போதும். 30 செ.மீ. ஆழம்வரை 15 இடத்தில் எடுத்துக் கலந்து, உடனே மெல்லிய படலமாகப் பரப்பி 40 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். ஈர மண்ணைப் பையில் கட்டி இரண்டு நாள் வைத்தால் உள்ளே நைட்ரேட்டாக்கம் தொடர்ந்து, அளவு பொய்யாக ஏறும். 20 கிராம் உலர் மண்ணை, லிட்டருக்கு 1.47 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைத்த காய்ச்சிவடித்த நீரில் 100 மில்லி விட்டு, அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். தாளில் 20 மி.கி. என்று வந்தால், மண்ணில் கிலோவுக்கு 100 மி.கி. நைட்ரேட். 4.43ஆல் வகுத்தால் நைட்ரஜன் 22.6 மி.கி. 30 செ.மீ. மண், அடர்த்தி 1.3 என்றால் எக்டேருக்கு 3900 டன், ஆக 88 கிலோ. அந்த நிலத்தில் முடிச்சு தேடி வேரைத் தோண்டவேண்டாம், பயறுச் செடிக்கு இப்போதைக்கு அதற்கான தேவையே இல்லை.

நீர் நிற்கும் வயலில் இதே தாள் பூஜ்ஜியத்துக்கு அருகில் காட்டும். அங்கே நைட்ரஜன் அம்மோனியமாகக் களிமண்ணில் ஒட்டியிருப்பதால் கால்சியம் குளோரைடுக்கு முழுதும் வராது. லிட்டருக்கு 149 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி, அம்மோனியச் சோதனைக் கரைசலால் தனியாக அளக்கவேண்டும். அந்த மண்ணை உலர்த்தக் கூடாது, உலரும்போது காற்றுபட்டு வடிவமே மாறிவிடும். ஈரமாகவே எடையிட்டு, ஈரப்பதத்தைத் தனிமாதிரியில் கணித்துக் கழித்துக்கொள்ளுங்கள்.